மயிரும் மானமும்

‘மயிர்’ என்னும் சொல்லை வகுப்பறையில் உச்சரிக்கத் தமிழாசிரியர் பலர் இன்று தயங்குகின்றனர். வீதியிலே வசைமொழியாகிவிட்ட அச்சொல் செவியில் விழுந்த மாத்திரத்தே மாணாக்கர் சிரிப்பர். ஆனால், பண்டைத் தமிழில் அச்சொல்லுக்கு எவ்வித இழுக்கும் இருந்ததில்லை. திருவள்ளுவர் ‘மானம்’ என்னும் அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் இரண்டிலே மயிரை உவமைப் பொருளாக எடுத்தார். தம் நிலையினின்றும் தாழ்ந்தோர்க்குத் தலையை விட்டு வீழ்ந்த மயிர் ஒன்றிலே உவமையாயிற்று. மானம் போனால் உயிர் தரியாதார்க்கு, மயிர் போனால் உயிர் தரியாத கவரிமா மற்றொன்றிலே உவமையாயிற்று.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மயிருக்கு உயர்வையும் தாழ்வையும் தருவது அது நிற்கும் இடமே. தலையில் நின்றால் அது பெண்ணுக்கு அழகு. ஐந்து வகையாக முடிக்கப்படுதலின் ‘ஐம்பால்’ என்று அதற்கொரு பெயரும் புலவர் தந்தனர். சோற்றிலே விழுந்தால் அதே மயிர் அருவருப்பு. ஆணின் மேலுதட்டில் அடர்ந்தால் அது வீரத்தின் அடையாளம். பெண்ணின் மேலுதட்டில் அரும்பினால் ஊராரின் ஏளனத்துக்கு இலக்கு.

இந்த இடவேற்றுமை இயற்கை வகுத்ததன்று. கம்பர் கிட்கிந்தா காண்டத்து நாடவிட்ட படலத்தில், சீதையைத் தேடிச் செல்லும் அநுமனுக்கு இராமன் அவள் அங்க அடையாளங்களைக் கூறுமிடத்து, வயிற்றின் மேலோடும் மயிரொழுக்கையும் தனியே எடுத்துப் புகழ வைத்தார். அன்று காவிய நாயகிக்கு அழகெனப் பாடப்பட்டது, இன்று அழகுநிலையங்களின் விலைப்பட்டியலில் நீக்கத்தக்கவற்றுள் ஒன்றாய் நிற்கின்றது. அழகின் இலக்கணம் காலந்தோறும் மாறிக்கொண்டேயிருக்கும். அதற்கு அமையாத உடம்போடு பிறந்தவர் படும் துன்பம் மட்டும் எக்காலத்தும் ஒன்றே.

இதனை நான் நூலிலிருந்து கற்றேனல்லேன். என் மாணாக்கி ஒருவரிடமிருந்து, அதுவும் மிகப் பிந்தியே கற்றேன்.

இன்று பிராசீன பாடசாலையொன்றில் பண்டித வகுப்புக்களை நடத்தும் நான், 2003ஆம் ஆண்டில் ஒரு கலவன் பாடசாலையில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். பத்தாந் தரத்து மாணவருக்கு ஒருநாள் மேற்குறித்த ‘மானம்’ அதிகாரம் பாடமாயிற்று. கவரிமாக் குறளை வாசிக்குமாறு முன்வாங்கிலில் இருந்த மாணவி ஒருத்தியைப் பணித்தேன். அவ்வகுப்பிலே தமிழை அவளைப்போற் பிழையின்றி வாசிப்பார் இலர். அவள் முதற்சொல்லை வாசித்ததுமே பின்வாங்கிலில் இருந்து சிரிப்பொலி எழுந்தது. அவர்களை அடக்கக் கருதி, “சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? மீசை முளைத்தவர்கள் வாசிக்கட்டும்; முளையாதவர்கள் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்” என்றேன்.

மீசை முளையாத அந்தப் பையன்களை நோக்கி எய்த சொல் அது. ஆனால் போய்த் தைத்த இடம் வேறு. அந்தப் பிள்ளையின் மேலுதட்டில் மெல்லிய கருமை படர்ந்திருந்ததை அக்கணம் வரையில் நான் கருத்திற் கொண்டதில்லை. வகுப்பு முழுவதும் வெடித்துச் சிரித்தது. அவள் புத்தகத்தை மூடாமல், தலையையும் நிமிர்த்தாமல், அப்படியே அமர்ந்தாள். நான் யாது செய்தேன்? என் சொல்லுக்கு வருந்தினேனா? சிரித்தவர்களைக் கண்டித்தேனா? இல்லை. அந்தக் குறளை விளக்காமலே அதிகாரத்தின் இறுதிக் குறளுக்குத் தாவினேன்.

மறுநாள் முதல் அவள் கைலேஞ்சியை வாயருகே பிடித்தபடியே வகுப்பில் இருந்தாள். வினா எழுப்பும் வழக்கத்தையும் விட்டாள். சாதாரணதரத்தில் தமிழுக்கு அதிவிசேட சித்தி பெற்றும் உயர்தரத்தில் தமிழை எடுத்தாளில்லை. விஞ்ஞானப் பிரிவுக்குச் சென்றாள். அதன்பின் அவளை நான் காணவில்லை. ஆயின் ‘மானம்’ அதிகாரத்தைக் கற்பிக்கும்போதெல்லாம் அந்தக் கைலேஞ்சி என் கண்முன் வந்துகொண்டேயிருந்தது.

2024ஆம் ஆண்டில் ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றிலே பேசிவிட்டு இறங்குகையில் ஓர் அம்மையார் என்னிடம் வந்து, “ஐயா, என்னைத் தெரிகிறதா?” என்று வினவினார். குரலைக் கொண்டே அறிந்துகொண்டேன். விஞ்ஞான ஆசிரியையாக இருக்கிறார். இரு பிள்ளைகளுக்குத் தாய். முகத்தில் கைலேஞ்சி இல்லை. மேலுதட்டில் அந்தக் கருமையும் இல்லை. நான் அதனைக் கவனித்ததை அவர் கவனித்தார் போலும். “லேசர் வைத்தியம் ஐயா. அதைப்பற்றி யாரும் வெளிப்படையாக எழுதுகிறார்களில்லை. நீங்கள் எழுதுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம்” என்றார். தேநீர் வேளையில் தொடங்கிய அவ்வுரையாடல் மண்டபத்தைப் பூட்ட வந்தவர் எம்மை எழுப்பும் வரையில் நீண்டது.

அவர் கூறிய வரலாறு இது. பதினான்கு வயதிலே தோன்றிய அந்த மயிர் ஆண்டுக்காண்டு தடித்து நாடிக்கும் கழுத்துக்கும் பரவிற்று. வீட்டார் மஞ்சளும் பயற்றம்மாவும் பூசச் செய்தனர். பின்னர் நூலால் பறித்தார், மெழுகால் இழுத்தார், இரகசியமாகச் சவர அலகையும் பயன்படுத்தினார். மழித்தால் இன்னும் தடித்து வளரும் என்று சுற்றத்தார் பயமுறுத்தினர். அந்தப் பயம் வீண் என்பது 1928ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உடற்கூற்றறிஞர் மில்ட்றெட் ட்றொற்றர் என்னும் அம்மையாரின் ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்டுவிட்டது. மழித்த மயிரின் நுனி கூர்மையின்றி வெட்டுண்டு நிற்பதால் கைக்குத் தடிப்பாகத் தோன்றுகிறதேயன்றி, மழிப்பதனால் எம்மயிரும் தடிப்பதில்லை.

திருமணம் பேசும் காலம் வந்தது. பெண் பார்க்க வருபவர்களின் கண்கள் தம் உதட்டிலே நிலைப்பதை அவர் தாங்கினாரில்லை. யாருக்கும் சொல்லாமல் ஒரு பட்டினத்து அழகுநிலையத்துக்குச் சென்றார். அங்கே ஒளிக்கருவி ஒன்றை அவர் முகத்திற் பாய்ச்சினர். எத்தகைய கருவி என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் உதட்டின் மேலும் நாடியிலும் கொப்புளங்கள் எழுந்தன. ஆறியபின் கரிய தழும்புகள் நின்றன. மயிரோ ஒரு பருவம் மறைந்திருந்து மீண்டும் வந்தது. “அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை ஐயா. எதைச் செய்யப் போய் எரித்துக்கொண்டாய் என்று கேட்பார்களே!” என்றார் அவர்.

ஈற்றில் அத்தழும்புகளைக் காட்டுவதற்காகவே ஒரு தோல் வைத்திய நிபுணரிடம் சென்றார். அவ்வைத்தியர் முதலிற் கேட்டது மயிரைப் பற்றியன்று. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, உடல் நிறை கூடியதா, குடும்பத்தில் நீரிழிவு உண்டா என்று வினவினார்; இரத்தப் பரிசோதனை செய்வித்தார். சூலக நீர்க்கட்டி நோய் என்று கண்டறியப்பட்டது. மயிர் நோயன்று, உள்ளே இருந்த நோய் வெளியே காட்டிய அடையாளமே மயிர்.

இந்நோயைச் சிக்காகோ நகரத்து வைத்தியர்களாகிய ஸ்ரைனும் லெவென்தாலும் 1935ஆம் ஆண்டிலே விவரித்தெழுதினர். பிள்ளைபெறும் வயதுப் பெண்களுள் ஏறக்குறைய பத்திலொருவருக்கு இது உண்டென்று மதிப்பிடப்படுகின்றது. எல்லாப் பெண்களின் உடம்பிலும் சிறிதளவு சுரக்கும் அந்திரோசன் என்னும் ஓமோன் இந்நோயில் மிகும். முகத்திலே கண்ணுக்குப் புலனாகாத மென்மயிர் எல்லார்க்கும் உண்டு. தமிழில் அதற்குப் ‘பூனைமயிர்’ என்று அழகிய பெயர் இருக்கிறது. அந்திரோசன் மிகுமிடத்து அப்பூனைமயிர் கருத்துத் தடிக்கும். இந்நோயைக் கவனியாது விட்டால் நீரிழிவு போன்றவை பின்தொடரக்கூடும். நோய் ஏதுமின்றிக் குடும்ப வழியாலேயே மயிர் மிகப் பெற்றோரும் உளர். இன்னார்க்கு இன்ன காரணம் என்று பிரித்தறிதல் வைத்தியர் தொழில், அழகுநிலையத்தாரின் தொழிலன்று.

நோய்க்கு மருந்து தொடங்கியபின் வைத்தியரே அவரைத் தக்க லேசர் வைத்தியத்துக்கு அனுப்பினார். அக்கருவி தொழிற்படும் முறையை அந்த விஞ்ஞான ஆசிரியை எனக்கு ஒரு கடதாசியிற் படம் வரைந்து விளக்கினார். ஐம்பதைக் கடந்த தமிழாசிரியனாகிய நான் அன்று அவருக்கு மாணாக்கனானேன்.

லேசர் என்பது சாதாரண ஒளியைப் போற் பல நிறங்கள் கலந்து நாற்றிசையும் சிதறுவதன்று. ஒரே நிறமுடையதாய், ஒரே திசையில் ஒழுங்கு பிறழாது செல்வது. தமிழிலே ‘சீரொளி’ என்று சிலர் வழங்குவது பொருத்தமான பெயரே. ஐன்ஸ்ரைன் 1917ஆம் ஆண்டிற் கூறிய தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டு, 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி கலிபோர்ணியாவில் தியடோர் மைமன் என்பார் செந்நிற இரத்தினக் கல்லாகிய கெம்பிலிருந்து முதன்முதல் லேசர்க் கதிரைப் பிறப்பித்தார். மூன்றாண்டுகளின்பின் சின்சினாற்றி நகரத்துத் தோல் வைத்தியர் லியோன் கோல்ட்மன், அக்கதிர் தோலில் விளைக்கும் மாற்றங்களை ஆராய்ந்தெழுதினார். கருமையான பகுதி அக்கதிரை மிகுதியாக ஈர்த்துக்கொள்வதை அவர் கண்டார்.

கருமையே இவ்வைத்தியத்தின் திறவுகோல். மயிருக்குக் கருநிறம் தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். தக்க அலைநீளமுடைய கதிரை மிகக் குறுகிய நேரம் பாய்ச்சினால், மயிரிலுள்ள மெலனின் அதனை உறிஞ்சி வெப்பமாக்கும். அவ்வெப்பம் மயிரின் வேர்ப்பையைச் சுடும். சூழவுள்ள தோல் தப்பும். இலக்கை மட்டும் சுட்டு அயலை விடும் இக்கோட்பாட்டை றொக்ஸ் அண்டர்சன், ஜோன் பரிஷ் என்னும் இருவர் 1983ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அண்டர்சனும் அவர் குழுவினரும் பொஸ்ரன் நகரிலே கெம்பு லேசரால் மயிர் வேர்களை அழித்த முடிவுகள் 1996இல் வெளிவந்தன.

வெண்ணிறத் தோலில் கருமயிர் உடையவர்க்கு அக்கருவி நன்கு உதவிற்று. எம்மவர் தோலிலோ மயிரில் உள்ள அதே மெலனின் மிகுதியாக உண்டு. கெம்பு லேசரின் கதிர் 694 நனோமீற்றர் அலைநீளமுடையது. கரிய தோலிற் பாய்ந்தால் மயிரைச் சென்றடையுமுன் தோலையே சுட்டுவிடும். வேடன் மானைக் குறிவைக்க, முன்னே நின்ற மரத்தில் அம்பு தைப்பது போலாகும். நியோடிமியம்–யாக் என்னும் லேசரின் அலைநீளம் 1064 நனோமீற்றர். அதனை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். ஆதலின் மேற்றோலைப் பெரும்பாலும் விட்டுவிட்டு ஆழத்து வேரைச் சென்றடையும். தோலைக் குளிர்விக்கும் ஏற்பாட்டுடன் கரிய தோலுக்கு இதனையே பெரிதும் தெரிந்தெடுக்கின்றனர். முதல் முறை அம்மையாரின் முகம் வெந்ததற்குக் காரணம், அவர் தோலின் நிறத்துக்கு ஏலாத ஒளியையோ அளவையோ அங்கே பாய்ச்சியமையே என்று வைத்தியர் விளக்கினாராம்.

ஒரே முறையில் இவ்வைத்தியம் முடிவதில்லை. மயிர்களெல்லாம் ஒருங்கே வளர்வனவல்ல. சில வளரும், சில ஓய்ந்திருக்கும், சில உதிரும். வளரும் பருவத்து மயிரையே கதிர் நன்கு தாக்கும். ஆகையால் நான்கு முதல் எட்டு வாரங்கள் வரையான இடைவெளி விட்டு ஆறு முதல் எட்டு முறை வரை செல்ல நேரும். ஒவ்வொரு பாய்ச்சலும் இறப்பர் வளையத்தை இழுத்துத் தோலில் அடித்தது போல் வலிக்கும். கண்களை மூடிக் காக்கும் கவசம் இன்றியமையாதது. வேரைப் பறித்துவிட்டால் கதிருக்கு இலக்கு இராதாகையால், வைத்தியத்துக்கு முந்திய வாரங்களில் நூலும் மெழுகும் விலக்கு, மழிக்கலாம். நரைத்த மயிரில் மெலனின் இன்மையால் அது இக்கதிருக்கு மசியாது.

“நிரந்தரமாக நீங்கிவிடுமா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “சொல்லாராய்ச்சி உங்களுடையதல்லவா ஐயா? அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 1998இல் அனுமதித்த சொல் ‘நிரந்தரக் குறைப்பு’. ‘நிரந்தர நீக்கம்’ அல்ல” என்றார். நீக்கம் என்பதற்கும் குறைப்பு என்பதற்கும் உள்ள தூரமே விளம்பரத்துக்கும் உண்மைக்கும் உள்ள தூரம். ஓமோன் கோளாறு உள்ளவர்க்குப் புதிய மயிர் மீண்டும் அரும்பலாம். அவரும் ஆண்டுக்கொருமுறை சென்றுவருகிறார். சிலருக்கு, விசேடமாக எம்மைப் போன்ற நிறமுடைய பெண்களின் முகத்தில், கதிர் பட்ட இடத்தின் அயலிலே பூனைமயிர் தடித்து வளர்வதும் உண்டு. இவற்றையெல்லாம் முன்னரே சொல்லி, தோலின் ஒரு சிறு பகுதியிற் பரீட்சித்துப் பார்த்து, அதன்பின்னரே தொடங்குபவர்தாம் நம்பத்தக்கவர்.

வீடு திரும்பியபின் நானும் இவ்விடயம் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தேன். படித்த வரலாறு என்னை உலுக்கிற்று. இத்துறையின் தொடக்கம் நல்லதே. சென் லூயிஸ் நகரத்துக் கண் வைத்தியர் சார்ள்ஸ் மிஷெல், உட்புறமாக வளர்ந்து கண்ணை உறுத்தும் இமைமயிரை மின்னூசியால் அழிக்கும் முறையை 1875இலே வெளியிட்டார். நோய் தீர்க்கப் பிறந்த அம்முறை பின்னர் அழகுக்கும் பயன்பட்டது. எக்ஸ் கதிர் 1895இற் கண்டுபிடிக்கப்பட, மறு ஆண்டே வியன்னாவிலே லியோபோல்ட் புரொயின்ட் என்பார் அதனால் ஒரு சிறுமியின் முதுகு மயிரை உதிரச் செய்தார்.

1920களில் அல்பேட் கைசர் என்னும் நியூயோர்க் வைத்தியர் எக்ஸ் கதிர்க் கருவியொன்றை வகுத்தார். அமெரிக்க நகரங்கள் பலவற்றின் அழகுநிலையங்களில், வைத்தியப் பயிற்சி இல்லாதோரே அக்கருவியை இயக்கினர். வலியில்லை, தழும்பில்லை என்று விளம்பரம் கூறிற்று. முகமயிர் உதிர்ந்தது, ஆண்டுகள் கழிந்தபின் அம்முகங்கள் சுருங்கிப் புண்ணாயின, பலருக்குப் புற்றுநோய் கண்டது. 1930களின் தொடக்கத்தில் ‘கொரெம்லு’ என்னும் பூச்சு மருந்து விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது எலிகளைக் கொல்லப் பயன்பட்ட தலியம் என்னும் நஞ்சு. அதனைப் பூசியோருட் சிலர் கால்கள் மரத்து நடை இழந்தனர். சிலர்க்குப் பார்வை கெட்டது. இத்தகைய பொருள்களால் விளைந்த கேடுகளே, அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1938இல் அந்நாட்டிலே நிறைவேறத் துணைசெய்தன.

அப்பெண்கள் அறிவிலிகளா? அல்லர். நாணம் அவர்களை மறைவான வாயில்களுக்கு அழைத்துச் சென்றது. அந்நாணமே அங்கு நின்று கேள்வி கேட்கவும் விடவில்லை. எரிந்தபின் முறையிடவும் விடவில்லை. நூறாண்டுகளுக்கு முன் நியூயோர்க்கிலே நிகழ்ந்ததும், எம் மாணாக்கிக்கு அழகுநிலையத்தில் நிகழ்ந்ததும் ஒன்றே. இன்றைய லேசர்க் கதிர் எக்ஸ் கதிரைப் போன்றதன்று. தகுதியுடையார் கையில் அது தீங்கு குறைந்த கருவி. ஆனால் ‘இது என்ன கருவி? என் நிறத்துக்கு ஏற்றதா? இயக்குபவர் யார்? முன்னர் வைத்தியரைக் காணவேண்டாவா?’ என்று வாய் திறந்து கேட்பவளுக்கே அது காப்பாகும். வாயைக் கைலேஞ்சியால் மூடியவள் எவ்வாறு கேட்பாள்? அந்தக் கைலேஞ்சியை ஒரு பிள்ளையின் கையிற் கொடுத்தவருள் நானும் ஒருவன்.

இதனை அவரிடம் சொல்லி வருந்தவே நான் அன்று முயன்றேன். சொற்கள் எளிதில் வரவில்லை. “பிள்ளை, அன்று வகுப்பிலே...” என்று தொடங்கியதும் அவர் இடைமறித்தார்.

“நீங்கள் சொன்னது பையன்களுக்கு என்று எனக்குத் தெரியும் ஐயா. அது வலித்ததுதான். ஆனால் அதைவிட வலித்தது, நீங்கள் அந்தக் குறளை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. என்னால்தான் ஒரு குறள் படிக்கப்படாமற் போயிற்று என்று நினைத்தேன். இன்றைக்காவது அதை விளக்குங்கள்.”

இருபத்தோராண்டுகள் பிந்திய அப்பாடத்தை வெறுமையான அம்மண்டபத்திலே நடத்தினேன். கவரிமாவுக்கு மயிர் பெரிதாயிற்று, அது தன்னுடையது என்பதனால். பிறர் அதனை அழகென்றோ அழகன்றென்றோ சொன்னதனாலன்று. வள்ளுவர் கருதியது மயிரையன்று, மானத்தை. மானமாவது தன்னைத் தான் மதித்தல். அதனைப் பிறர் சிரிப்பு எடுத்துவிடவும் முடியாது, லேசர்க் கதிர் கொடுத்துவிடவும் முடியாது. மயிரை வைத்துக்கொள்வதும் நீக்குவதும் உடையவளின் விருப்பம். இவ்வாறு கூறி முடித்தேன். அவர் சற்றுநேரம் எண்ணியிருந்து, “எனக்கு மயிர் போனபின்தான் கண்ணாடியை நேராகப் பார்க்க முடிந்தது ஐயா. அதுவும் உண்மைதானே?” என்றார். உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேன். குறளுக்கு நான் கூறிய உரையில் அந்த ஒரு வாக்கியம் விடுபட்டிருந்தது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வகுப்பிலும் கைலேஞ்சி பிடித்த ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அவளைத் தனியே அழைத்து அறிவுரை கூறப் புகாதீர்கள். அதுவும் ஒரு சுட்டுதலே. பெண் ஆசிரியைகள் சுகாதாரப் பாடத்திலே எல்லோர்க்கும் பொதுவாக, இத்தகைய மயிர் வளர்ச்சி பலர்க்கு உண்டு என்றும், அது குற்றமன்று என்றும், மாதவிலக்கும் ஒழுங்கின்றி இருந்தால் தாயாருடன் வைத்தியரிடம் செல்லவேண்டும் என்றும் கூறிவைக்கலாம். கேட்கவேண்டியவள் கேட்டுக்கொள்வாள்.

நானும் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ‘மானம்’ அதிகாரத்தைக் கற்பிக்கும்போது கவரிமாக் குறளை இப்போது நானே வாசிக்கின்றேன். முதற்சொல்லிலே சிரிப்பு எழும். எழட்டும். அது அடங்கும்வரை புத்தகத்தை விரித்தபடி நிற்கின்றேன். அடங்கியபின் அக்குறளை முதலிலிருந்து மீண்டும் வாசித்து, உரை முழுவதையும் சொல்கின்றேன். அம்மையார் சொன்ன வாக்கியத்தையும் சேர்த்தே சொல்கின்றேன்.